மூன்று மாடிக்கும் தனித்தனியாகவா மழை பெய்கிறது?

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு டீக்கடை. சிவில் படித்து முடித்த இரண்டு பேர் லேப்டாப்பைத் திறந்து ஒரு வார்டின் வரைபடத்தைக் காட்டினார்கள். மழைநீர் வடிகாலுக்கு எந்தச் சொத்துக்கு எவ்வளவு கட்டணம் வைக்கலாம் என்ற கணக்கு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் டீ இறங்கவில்லை. பல வருடத்துக்கு முன்னால் நான் கறுப்பு வெள்ளையில் செய்த தப்பை அவர்கள் கலரில் செய்திருந்தார்கள்.

நம் பக்கம் மழைநீருக்கென்று தனி ரசீது கிடையாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974லேயே தனிக் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. ஜெர்மனியில் கழிவுநீருக்கு ஒரு கணக்கு, மழைநீருக்கு ஒரு கணக்கு என்று பிரித்தே வாங்குகிறார்கள். அதைப் பார்த்து இங்கே கணக்குப் போடுகிறவர்கள் செய்துவிடக்கூடிய ஐந்து தப்புகளை எழுதுகிறேன். கூட்டல் பிழைகளை நீங்களே பிடித்துவிடுவீர்கள், அதற்குள் போகவில்லை.

சொத்து வரிப் பதிவேட்டை அப்படியே எடுப்பது

பதிவேடு தயாராக இருக்கிறது, அதில் கட்டடப் பரப்பும் இருக்கிறது, ஒரு தொகையால் பெருக்கினால் வேலை முடிந்தது. நானும் இப்படித்தான் நினைத்தேன். இந்த மாவட்டத்து ஊர் ஒன்றில் மாதிரிக் கணக்குப் போட்டுக் கூட்டத்தில் வாசித்தேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார். ஆயிரம் சதுர அடி மனையில் மூன்று மாடி கட்டியவர். "ஏம்பா, மூணு மாடிக்கும் தனித்தனியாவா மழ பெய்யுது?" என்றார். கூட்டமே சிரித்தது.

அவர் கேட்டதில் என்ன தப்பு? பதிவேட்டில் அவருக்கு 3,000 சதுர அடி. மழை விழுவது ஒரே மொட்டை மாடியில், அதாவது 1,000 சதுர அடியில். அவர் தெருவின் கோடியில் ஒரு கிரானைட் யார்டு. 60,000 சதுர அடி, முழுக்க சிமெண்ட் தளம். கட்டடம் என்று பார்த்தால் 600 சதுர அடி ஆபீஸ் ரூம் மட்டும். என் கணக்குப்படி வாத்தியார் யார்டைப் போல ஐந்து மடங்கு கட்ட வேண்டும்! 1 செ.மீ. மழை பெய்தால் அவர் மாடியிலிருந்து இறங்குவது சுமார் 930 லிட்டர். யார்டிலிருந்து தெருவுக்கு ஓடுவது 55,000 லிட்டருக்கும் மேல்.

பிலடெல்பியாவிலும் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் முன்பு குடிநீர் மீட்டர் அளவை வைத்துத்தான் மழைநீர்க் கட்டணம் வாங்கினார்கள். குழாய் இணைப்பே இல்லாத பார்க்கிங் இடங்கள் ஒன்றும் கட்டாமல் தப்பித்தன. 2010லிருந்துதான் மனைப் பரப்பு, தண்ணீர் இறங்காத தளத்தின் பரப்பு இரண்டையும் பார்த்துப் பில் போட ஆரம்பித்தார்கள். மீட்டரோ பதிவேடோ, கையில் இருக்கிற கணக்கைப் பிடித்துக்கொள்கிற சோம்பல் ஒன்றேதான்.

சரி, எப்படிச் செய்வது? ஊரின் நடுத்தர வீடு ஒன்றுக்குக் கூரை, வாசல் தளம், கார் நிற்கும் இடம் சேர்த்து 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு யூனிட், கட்டணம் யூனிட் கணக்கில். வாத்தியார் வீடும் கிட்டத்தட்ட ஒரு யூனிட். யார்டு 50 யூனிட். வானிலிருந்து எடுத்த படத்தில் கூரையையும் தளத்தையும் கோடு போட்டு எடுக்கலாம், ஆனால் நேரில் போகாமல் முடிக்காதீர்கள். லாரி ஏறி ஏறி இறுகின மண் படத்தில் வெறும் மண்ணாகத்தான் தெரியும், தண்ணீர் அதில் இறங்காது. மாமரத்துக்கு அடியில் இருக்கிற சிமெண்ட் களம் படத்தில் விழவே விழாது.

அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் என் ஃபைல் திறக்கப்படவே இல்லை. திருத்திக் கொண்டுபோனதையும் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. எரிச்சல் இன்னும் போகவில்லை, முக்கால்வாசி என் மேல்தான்.

வரிவிலக்கு உள்ள இடங்களை விட்டுவிடுவது

பள்ளிக்கூடக் கூரையிலும் தண்ணீர் ஓடும்.

வரிவிலக்கு உள்ளவர்களும் கட்ட வேண்டும் என்பதற்குத்தான் இதை வரி என்று சொல்லாமல் கட்டணம் என்கிறார்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அமெரிக்காவின் லான்சிங் நகரம் வாங்கியது கட்டணம் இல்லை, வரிதான் என்று மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 1998ல் அதைச் செல்லாது என்றது. யார் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்களோ அதற்கேற்ப வாங்குகிறோம் என்று காட்ட முடிய வேண்டும். வாத்தியார் கேட்டதும் இதைத்தான்.

மழைநீர்க் குழியைப் பார்க்காமல் சலுகை கொடுப்பது

மழைநீர் சேகரிப்பு வைத்தவருக்குக் கட்டணத்தில் சலுகை கொடுப்பது நியாயம். ஆனால் தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி மண் மூடிக் கிடக்கிறது. ஒரு மழைக்கு அப்புறம் போய் மூடியைத் திறந்து பாருங்கள்.

தூர்வாரக் காசு ஒதுக்காதது

வடிகாலைக் கட்டி வைத்தால் மட்டும் தண்ணீர் ஓடாது.

வெள்ளமே வராது என்று வாக்குக் கொடுப்பது

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பரில், இதே மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், ரோட்டில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனது. அந்த அளவு தண்ணீருக்குத் தெருவோர வடிகால் எம்மாத்திரம்? ஏரிக்கரை, உபரித் தண்ணீர் வழிகிற கோடி, அங்கிருந்து போகிற ஓடை எல்லாம் வேறு வேலை, வேறு பணம். வீட்டுக்காரர் கட்டுகிற கட்டணம் சாதாரண மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்காமல் இருப்பதற்கு. ரசீதின் மேலேயே இதைப் போட்டுவிடச் சொன்னேன். பையன்கள் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு, யார்டை அளக்கப் பழைய நாடா இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.