மெயில் வந்திருக்கிறது, போன் மட்டும் சொல்லவில்லை: ஃபில்டர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் குடும்பம் நடத்தும் நம்மவர்களுக்கு மெயில் என்பது ஆபீஸ் வேலையோடு முடிந்துபோவதில்லை. பிள்ளையின் பள்ளிச் சுற்றறிக்கை, அபார்ட்மெண்ட் சங்கத்தின் தண்ணீர் டேங்கர் அறிவிப்பு, பெஸ்காம் கரண்ட் பில், பொங்கலுக்கு ஊருக்குப் போக எடுத்த ரயில் டிக்கெட் என்று எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழுகின்றன. கூட்டம் தாங்காமல் ஃபில்டர் போடுகிறோம், அதாவது இன்ன மெயில் வந்தால் இன்ன இடத்துக்குப் போ என்று விதி வைக்கிறோம். அப்புறம் வேறொரு தொல்லை ஆரம்பிக்கிறது. மெயில் வந்து கிடக்கிறது, ஆனால் போன் வாயே திறக்கவில்லை.

உடனே போன் மேல்தான் சந்தேகம் போகும். ரீஸ்டார்ட் செய்வார்கள், ஆப்பைத் தூக்கிவிட்டு மறுபடி போடுவார்கள். பல நேரம் கோளாறு போனில் இருப்பதில்லை, நாமே போட்ட ஃபில்டரில்தான் இருக்கும். மெயிலைப் பிரித்துப் போடுவது ஒரு வேலை, மெயில் வந்ததைச் சொல்வது இன்னொரு வேலை. முதல் வேலை பெரும்பாலும் மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டரான சர்வரில் நடக்கிறது, இரண்டாவது நம் போனில். நோட்டிஃபிகேஷன் என்ற மணி இன்பாக்ஸின் வாசல் கதவில் கட்டியிருக்கிறது. ஃபில்டர் தபாலைக் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டால் மணி எப்படி அடிக்கும்?

அதனால் எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன், வராமல் போனதாக நினைக்கும் அந்த ஒரு மெயில் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமிலும் டிராஷிலும் இருப்பவை வராது. கம்ப்யூட்டரில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, எங்கே தேடுவது என்ற இடத்தில் ஸ்பேம், டிராஷ் இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெயில் இன்பாக்ஸிலேயே இருக்கிறதென்றால் போனைப் பார்க்கலாம். இன்பாக்ஸில் இல்லாமல் ஏதோ ஒரு லேபிளுக்குள், அதாவது பெயர் ஒட்டிப் பிரித்த பகுதிக்குள் மட்டும் இருந்தால் ஃபில்டர்தான் காரணம். ஸ்பேமில் இருந்தால், அந்த முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு ‘ஸ்பேமுக்கு ஒருபோதும் அனுப்பாதே’ என்பதை டிக் செய்தால் போதும். ஸ்பேமிலும் டிராஷிலும் கிடப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் தேடலைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்பாக்ஸைத் தாண்ட விடுவது

ஜிமெயில் ஃபில்டரில் ‘இன்பாக்ஸைத் தவிர்’ என்று ஒரு கட்டம் உண்டு. லேபிள் போடுகிறவர்களில் பலர் கூடவே இதையும் டிக் செய்துவிடுகிறார்கள், பெட்டி சுத்தமாகத் தெரியும் என்பதற்காக. நான் பார்த்தவரை ‘நோட்டிஃபிகேஷன் வரவில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு டிக்கில் வந்து நிற்கிறது. பள்ளி மெயிலுக்கு லேபிள் மட்டும் போடுங்கள், நிறமும் கொடுங்கள், இன்பாக்ஸிலிருந்து எடுக்காதீர்கள். அன்றைக்கே பார்த்தாக வேண்டிய எந்த மெயிலுக்கும் என் யோசனை இதுதான். கடைகளின் தள்ளுபடி மெயில், பழைய ரசீது போன்றவற்றுக்கு இன்பாக்ஸைத் தவிர்த்தால் நஷ்டமில்லை.

சரி, இன்பாக்ஸில் வைக்கவும் மனமில்லை, மணியும் அடிக்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப்பில் செட்டிங்ஸ் போய், உங்கள் கணக்கைத் திறந்து, லேபிள்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போங்கள். தேவையான லேபிளைத் தொட்டு, முதலில் ‘30 நாள் மெயில்’ சிங்க் ஆகும்படி, அதாவது சர்வரிலிருந்து போனுக்குத் தானாக வந்து சேரும்படி மாற்ற வேண்டும். சிங்க் செய்யாத லேபிளுக்கு நோட்டிஃபிகேஷன் வராது. அதன் பிறகு லேபிள் நோட்டிஃபிகேஷனை ஆன் செய்து, ‘ஒவ்வொரு மெயிலுக்கும் தெரிவி’ என்பதையும் டிக் செய்யுங்கள். பலர் பாதி வழியில் நிறுத்திவிடுவதால்தான் ‘செய்து பார்த்தேன், பலனில்லை’ என்கிறார்கள். அதே கணக்கின் பக்கத்தில் ‘முக்கியமானவை மட்டும்’ என்ற தேர்வு இருந்தால், எது முக்கியம் என்று கூகுள்தான் முடிவு செய்யும். அதை ‘எல்லாம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்பாக்ஸ் தாவல்களிலும் இதே கதை. பிரைமரி தவிர்த்த புரமோஷன்ஸ், அப்டேட்ஸ் தாவல்களில் விழுபவற்றுக்கு இயல்பாக மணி அடிக்காது. டிக்கெட், கூரியர் மெயில்கள் அடிக்கடி அப்டேட்ஸில்தான் போய் உட்காருகின்றன.

மற்ற மென்பொருள்களிலும் அடிப்படை இதுவே. புது மெயில் வந்ததும் சர்வரே சொல்வதற்காக ஐமேப் (மெயில் ஆப் சர்வரோடு பேசும் முறை) முறையில் ‘ஐடில்’ என்ற வசதி 1997இல் சேர்க்கப்பட்டது. ஆனால் அது அந்த நேரத்தில் திறந்து வைத்திருக்கும் ஒரு ஃபோல்டரைப் பற்றி மட்டுமே சொல்லும், அது பெரும்பாலும் இன்பாக்ஸ்தான். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், சர்வரே பிரித்துப் போடும் ஒவ்வொரு ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸிலும் ‘புது மெயில் எடுக்கும்போது இதையும் பார்’ என்பதை டிக் செய்ய வேண்டும். பழைய அவுட்லுக்கில் திரை ஓரம் எட்டிப்பார்க்கும் அறிவிப்பும் இன்பாக்ஸுக்கு மட்டும்தான். வேறு ஃபோல்டருக்குப் போகும் மெயிலுக்கு அது வேண்டுமென்றால் அந்த ரூலிலேயே (அவுட்லுக்கில் ஃபில்டருக்குப் பெயர் ரூல்) அதைச் சேர்க்க வேண்டும்.

ஒற்றைச் சொல்லை நம்புவது

கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி.யில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான் ஒரு பையன். விளம்பர மெயில் தொல்லைக்காக ‘ஆஃபர்’ என்ற சொல் இருந்தால் விளம்பரம் என்ற லேபிளுக்குப் போ, இன்பாக்ஸைத் தவிர், படித்ததாகக் குறி என்று ஃபில்டர் போட்டிருந்தான். ஒரு கம்பெனி அவனுக்கு ஆஃபர் லெட்டர் அனுப்பியது. அனுப்பியாயிற்று என்று எச்.ஆர். சொல்கிறார், இவனோ “அண்ணே, ஸ்பேம்லகூட பாத்துட்டேன், இல்ல” என்கிறான். படித்ததாகக் குறிக்கப்பட்டிருந்ததால் அந்த மெயில் தடித்த எழுத்தில்கூடத் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளில்தான் கண்ணில் பட்டது. நல்ல வேளை, வேலை கைவிட்டுப் போகவில்லை.

ஃபில்டரில் கொடுக்கும் சொல் தலைப்பில் மட்டுமல்ல, மெயிலின் உடலிலும் தேடப்படுகிறது. பில், ஆர்டர், அக்கவுண்ட் போன்ற சொற்கள் எந்த மெயிலில்தான் இல்லை? அனுப்புகிறவரின் முகவரியை வைத்துப் போடுவது எப்போதும் பாதுகாப்பு. அபார்ட்மெண்ட் சங்க மெயில் ஒரு நாள் ஆங்கிலத் தலைப்பில் வரும், ஒரு நாள் கன்னடத் தலைப்பில் வரும். சொல்லை நம்பினால் பாதி தப்பிவிடும், முகவரியை நம்பினால் தப்பாது. ஒரே முகவரியிலிருந்து அவசரமானதும் விளம்பரமும் கலந்து வந்தால், ‘இந்தச் சொல் இல்லாதவை’ என்ற கட்டத்தையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

ஃபில்டரை உருவாக்கும் முன் அந்தப் படிவத்திலேயே உள்ள தேடல் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். இதுவரை வந்த மெயில்களில் எவையெல்லாம் அதில் சிக்கும் என்று காட்டிவிடும். அந்தப் பையன் இதைச் செய்திருந்தால், வேறு கம்பெனிகளிலிருந்து வந்த கடிதங்களும் பட்டியலில் நிற்பதைப் பார்த்திருப்பான். பார்க்காமலேயே ‘பழைய மெயில்களுக்கும் பொருத்து’ என்பதோடு ‘அழி’ என்பதையும் சேர்த்து டிக் செய்வது மிகவும் ஆபத்தானது.

புதிய ஜிமெயில் ஃபில்டரை போன் ஆப்பில் போட முடியாது, கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் போட வேண்டும். போனில் தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

ஆபீஸ் அவுட்லுக்கில் வரிசை

ஜிமெயிலில் பொருந்துகிற எல்லா ஃபில்டரும் வேலை செய்யும். அவுட்லுக்கில் ரூல்கள் மேலிருந்து கீழாக ஓடும், நடுவில் ஒன்றில் ‘இதற்கு மேல் வேறு ரூல் வேண்டாம்’ என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மேனேஜர் மெயிலுக்கான ரூல் கீழே இருந்து, அதற்கு மேலே உள்ள பொதுவான ரூல் அந்த மெயிலை முதலில் பிடித்துக்கொண்டால், கீழே இருப்பது போட்டும் போடாததும் ஒன்றுதான். குறிப்பிட்ட ஆளுக்கான ரூலை மேலே ஏற்றுங்கள்.

பழைய அவுட்லுக்கில் சில ரூல்களின் பெயர் பக்கத்தில் ‘கிளையன்ட் ஒன்லி’ என்று இருக்கும். சத்தம் போடுவது, திரையில் அறிவிப்பு காட்டுவது, கம்ப்யூட்டரில் சேமித்த பி.எஸ்.டி. ஃபைலுக்கு நகர்த்துவது எல்லாம் அந்த வகை. அந்த லேப்டாப்பில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் அவை ஓடும். லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு சில்க் போர்டு நெரிசலில் நிற்கும் நேரத்தில் எதுவும் பிரிக்கப்படாமல் அத்தனையும் போனில் வந்து கொட்டும். வழியில் போனில் மெயில் பார்க்கிறவர்கள் சர்வரில் ஓடும் எளிய ரூல்களாகவே வைத்துக்கொள்வது நல்லது. ரூல் நகர்த்த வேண்டிய ஃபோல்டரை அழித்துவிட்டாலும் அந்த ரூல் உடைந்துபோகும்.

மெயில் இன்பாக்ஸிலேயே இருந்தும் சத்தம் வரவில்லையென்றால் இப்போது போனுக்கு வரலாம். ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கன அமைப்பு பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்தியிருக்கும், மெயில் ஆப்புக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு கொடுங்கள். ஐபோனில் ஆப்பிளின் மெயில் ஆப்பில் ஜிமெயிலைச் சேர்த்திருந்தால் மெயில் வந்தவுடன் தெரியாது, போன் அவ்வப்போது போய் எடுத்து வர வேண்டும். அதுவும் ‘தானாக’ என்ற தேர்வில், சார்ஜில் இருந்து வைஃபையும் இருந்தால்தான் பின்னணியில் எடுக்கும். ஜிமெயில் ஆப்பைப் போட்டுக்கொண்டால் இந்தப் பிரச்சினை தீரும்.

எதை மாற்றினாலும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி அவருடைய முகவரியிலிருந்து ஒரு சோதனை மெயில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாற்றம், ஒரு சோதனை என்று போங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

நீங்கள் போடாத ஃபில்டர்

ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். ஃபில்டர் பட்டியலைத் திறக்கும்போது நீங்கள் போட்ட நினைவே இல்லாத ஒன்று இருந்தால், ‘எப்பவோ போட்டிருப்பேன்’ என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டைத் திருடி உள்ளே நுழைகிறவர்கள், வங்கி அனுப்பும் எச்சரிக்கையும் கணக்கு அதிகாரியின் கேள்வியும் உங்கள் கண்ணில் படக்கூடாது என்று, அப்படிப்பட்ட மெயில்களை அழிக்கவோ யாரும் திறக்காத ஃபோல்டருக்குத் தள்ளவோ வெளி முகவரிக்குத் திருப்பவோ ரூல் போட்டு வைப்பது வழக்கம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ரூல் அங்கேயே இருந்து வேலை பார்க்கும். அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நீக்குங்கள், ஃபார்வர்டிங் பகுதியில் தெரியாத முகவரி இருந்தால் அதையும் எடுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். ஆபீஸ் கணக்காக இருந்தால் எதையும் நீக்கும் முன் ஐ.டி. பிரிவுக்குச் சொல்லுங்கள், எங்கிருந்து நுழைந்தார்கள் என்று தேட அவர்களுக்கு அந்த ரூல் தேவைப்படும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் செய்யுங்கள்.