தமிழ் எழுத்து தானாக எழுதப்பட்டு வருவதுபோல் அனிமேஷன்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்முறை

கல்யாண வீடியோ தலைப்பு, குறும்படத்தின் பெயர், யூடியூப் சானல் முகப்பு என எல்லாவற்றுக்கும் இதைக் கேட்கிறார்கள்: பேனா தெரியக்கூடாது, எழுத்து மட்டும் தன்னால் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஆங்கிலத்துக்குச் சொல்லித்தரும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை அப்படியே தமிழுக்குப் போட்டால் சுழியில் வந்து உதைக்கும். 'அழகு' என்ற சொல்லை வைத்துச் செய்து பார்ப்போம். காம்போசிஷன் போடவும் கீஃப்ரேம் வைக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்லை டைப் செய்யுங்கள். ஃபான்ட் யூனிகோடாக இருக்கட்டும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கவிவனார் கையெழுத்துச் சாயலில் இருப்பதால் இந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது அதுதான். யூனிகோட் அல்லாத பாமினி போன்ற பழைய ஃபான்ட் வேண்டாம். நாளைக்கு வாடிக்கையாளர் "ஃபான்டை மட்டும் மாத்திக் குடுங்க" என்பார், மாற்றினால் தலைப்பு முழுக்கக் கிறுக்கலாகிவிடும்.

அடுத்து பென் டூல். அதை எடுப்பதற்கு முன் எஃப்2 அழுத்தி எல்லா லேயரையும் விட்டுவிடுங்கள். டெக்ஸ்ட் லேயர் தேர்வில் இருக்கும்போது வரைந்தால் ஷேப் வராது, மாஸ்க்தான் வரும். ஃபில் வேண்டாம், ஸ்ட்ரோக் மட்டும் போதும். கையால் எழுதும் அதே போக்கில் 'அ'வின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டே வரையுங்கள். புள்ளி எவ்வளவு குறைவோ வளைவு அவ்வளவு வழவழப்பாக வரும். ஸ்ட்ரோக்கின் அகலத்தை எழுத்து முழுக்க மூடும்வரை ஏற்றி, லைன் கேப்பை ரவுண்ட் ஆக்குங்கள்.

ஷேப் லேயரில் ஆட் பொத்தானைச் சொடுக்கி ட்ரிம் பாத்ஸைச் சேருங்கள்; கோட்டில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கும். எண்ட் மதிப்பு 0-இலிருந்து 100 வரை போகட்டும். விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் காம்போசிஷனில் ஓர் எழுத்துக்கு 15 முதல் 20 ஃப்ரேம் சரியாக இருக்கும். கோடு கடைசியிலிருந்து முதலுக்கு ஓடினால் பாத்தின் பக்கத்தில் உள்ள ரிவர்ஸ் குறியைத் தட்டினால் போதும். அப்புறம் டெக்ஸ்ட் லேயருக்கு இந்த ஷேப்பை ஆல்ஃபா ட்ராக் மேட்டாகக் கொடுங்கள்; ஷேப் இருக்கும் இடத்தில் மட்டும் டெக்ஸ்ட் தெரியும். 2022 அக்டோபரில் வந்த 23.0 பதிப்பிலிருந்து எந்த லேயரையும் மேட்டாகத் தேர்ந்தெடுக்கலாம். பழைய பதிப்பில் மேட் லேயர் டெக்ஸ்டுக்கு நேர் மேலே இருந்தே ஆக வேண்டும்.

இப்போது ஓட்டிப் பாருங்கள். 'அ'வின் இடப்பக்கச் சுழியில், கோடு தன்னையே வெட்டிக்கொண்டு போகும் இடத்துக்கு அருகில், இன்னும் எழுதப்படாத பகுதியின் ஒரு துண்டு முன்கூட்டியே எட்டிப் பார்க்கும். தடித்த ஸ்ட்ரோக் பக்கத்துக் கோட்டையும் சேர்த்துத் திறந்துவிடுவதுதான் காரணம். ஸ்ட்ரோக்கைக் குறைத்தால் எழுத்தின் ஓரம் மூடப்படாமல் நிற்கும். ஆக, அகலத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. எழுத்தைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

டெக்ஸ்ட் லேயரை டூப்ளிகேட் செய்யுங்கள். முதல் பிரதியில், சந்திப்பை முதலில் கடக்கும் கோட்டை மட்டும் அதன் முழு அகலத்தோடு, சந்திப்பையும் சேர்த்து, மாஸ்க் போட்டு வையுங்கள். அதே மாஸ்க்கைக் காப்பி செய்து இரண்டாம் பிரதியில் ஒட்டி, மாஸ்க் மோடில் ஆட் என்று இருப்பதை சப்ட்ராக்ட் ஆக்குங்கள். மீதி எழுத்து அதில் நிற்கும். பாத்தையும் அதே இடத்தில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி மேட் கொடுங்கள். முதலாவது முடியும் ஃப்ரேமில் இரண்டாவது தொடங்க வேண்டும். இணைப்பில் மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தால், சப்ட்ராக்ட் மாஸ்க்கின் எக்ஸ்பான்ஷனை -1 பிக்சல் ஆக்குங்கள், மறைந்துவிடும்.

'ழ', 'கு' இரண்டுக்கும் இதே வைத்தியம்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ஈஸி ஈஸ் (தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாக்குவது) போடாதீர்கள், கை திக்கித் திக்கி எழுதுவதுபோல் இருக்கும். சொல்லின் முதல் கீஃப்ரேமுக்கும் கடைசிக்கும் மட்டும் போதும்.

இவ்வளவு எதற்கு, டெக்ஸ்ட் அனிமேட்டரில் எழுத்து எழுத்தாக வரவைக்கலாமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றவைக்கும், எழுதிக் காட்டாது. மேலும், தமிழில் கொம்பும் காலும் மெய்யைவிட்டுத் தனியாக வந்து நிற்கும் ஆபத்து உண்டு. அதைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ரேஞ்ச் செலக்டரில் பேஸ்டு ஆன் என்பதை வேர்ட்ஸ் என மாற்றி, சொல் சொல்லாக வரவையுங்கள்.

பிற்சேர்க்கை: டைப் செய்யும்போதே கொம்பு இடம் மாறி விழுகிறது என்று பலர் கேட்டார்கள். பழைய பதிப்பு என்றால், பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து, புதிய டெக்ஸ்ட் லேயராகப் போடுங்கள்.

இன்னொன்று: ரெண்டர் செய்த தலைப்பை வீடியோ மேல் வைத்தால் பின்னணி கறுப்பாக வருகிறதா? எச்.264 என்ற வீடியோ வடிவம் ஒளிபுகும் பின்னணியைத் தாங்காது. ப்ரோரெஸ் 4444-இல், சானல்ஸ் என்பதை ஆர்ஜிபி பிளஸ் ஆல்ஃபா என வைத்து ரெண்டர் செய்யுங்கள்.