நாற்பதை நெருங்கும்போது பட்டாளத்துக்குப் பேர் கொடுப்பதென்றால்

கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியிருந்த மாதம் அது. சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்யும் 12 தறி எனக்கு. இருபது வருஷமாக ஓயாத சத்தம் ஓய்ந்ததும் தறிக் குடோன் வாசலில் சும்மா உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். பிரதேச ராணுவத்துக்கு (டெரிட்டோரியல் ஆர்மி) அதிகாரிகளை எடுக்கும் அறிவிப்பு கண்ணில் பட்டது. வயது 18 முதல் 42 வரை, பட்டப்படிப்பு வேண்டும் என்றிருந்தது. எனக்கு அப்போது 38, பி.காம். முடித்தவன். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வெலிங்டனில் பயிற்சி எடுத்து மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். லீவுக்குப் போகும்போதெல்லாம் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து பித்தளை பக்கிள் வைத்த பெல்ட்டை எடுத்துக் கட்டிப் பார்ப்பேன். அந்த ஞாபகத்தில்தான் இறங்கினேன். கடைசியில் உள்ளே போக முடியவில்லை. ஆனால் எதை எதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும் என்பது இப்போது நன்றாகவே தெரியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முப்பது தாண்டியவர்களுக்கு வேறு வழி ஏறக்குறைய கிடையாது. அக்னிபாத் எல்லாம் இருபதை ஒட்டிய பிள்ளைகளுக்கு. வேலை, தொழில், குடும்பம் என்று இருப்பவர்கள் அதை விடாமலே சேரக்கூடிய கதவு பிரதேச ராணுவம்தான். 1948-இல் சட்டம் வந்தது, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கி வைத்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆசிரமம் வைத்துக் கதர் நூற்க வைத்த அதே ராஜாஜி! 1962, 1965, 1971 போர்களில் இந்தப் படை இருந்திருக்கிறது. கோவை ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கும் 110-ஆம் காலாட்படைப் பட்டாலியன் இதைச் சேர்ந்ததுதான். அதற்காக வீட்டிலிருந்து பஸ் ஏறி டியூட்டிக்குப் போகலாம் என்று கணக்குப் போட வேண்டாம். எங்கே போடுவார்கள் என்பது அவர்கள் கையில்.

ஊரில் விஷயத்தைச் சொன்னதும் "தோனி மாதிரிங்களா?" என்றார்கள். தோனிக்கு 2011-இல் கொடுத்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. நம்மைப் போன்றவர்கள் பரீட்சை எழுதித்தான் போக வேண்டும்.

இனி வரிசை. பரீட்சை, நேர்முகம், தேர்வு வாரியம், கடைசியாக மருத்துவப் பரிசோதனை என்பது அவர்களுடைய வரிசை. நீங்கள் இதைத் தலைகீழாகப் பிடியுங்கள். நான் அவர்கள் வரிசையிலேயே போய் ஒன்றரை வருஷத்தைத் தொலைத்தேன்.

உடம்பு என்றதும் எல்லோரும் ஓட்டத்தை நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான். விடியற்காலை சாமளாபுரம் குளக்கரையில் முதல் ஆறு வாரம் வேகநடை, அப்புறம் மெதுவோட்டம் என்று போய் 1.6 கிலோமீட்டரை மூச்சு வாங்காமல் முடிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். முட்டி வலி வந்தால் ரெண்டு நாள் நிறுத்துங்கள், இருபது வயசுப் பையன்களோடு போட்டி வேண்டாம். ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

நம்மூர்க்காரனைக் கவிழ்ப்பது அவன் செய்யும் தொழில் உடம்பில் விட்டுவிட்டுப் போயிருக்கும் சங்கதிகள். நாள் முழுக்க லேத்தில் நிற்பவருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்தே கணக்கு எழுதுபவருக்கு மூலம் இருக்கும். விரைவீக்கம், குடலிறக்கம் என்று வெட்கப்பட்டுக் காட்டாமல் வைத்திருப்பார்கள். அறுவை செய்து சரியாக்கக்கூடியவை பல உண்டு, விண்ணப்பம் போடுமுன்னே செய்துகொள்ளலாம். தறிக்காரனுக்குக் காது. அதற்கு அறுவையும் கிடையாது, மருந்தும் கிடையாது.

பட்டாள மருத்துவப் பரிசோதனையில் காதுக்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். 610 சென்டிமீட்டர், அதாவது இருபது அடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் அழுத்திக் கிசுகிசுப்பார். ஒவ்வொரு காதாலும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். இதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே பார்த்துவிடலாம். நான் பார்த்தது எழுத்துத் தேர்வும் முதல் நேர்முகமும் தாண்டிய பிறகு. தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடோனுக்குள் டேப் வைத்து அளந்து சாக்பீஸில் ரெண்டு கோடு போட்டேன். இந்தக் கோட்டில் நான், அந்தக் கோட்டில் என் மனைவி. இடது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். "நாப்பதாம் நம்பர் நூல்" என்றாள், கேட்டது. அடுத்து வலது காதை அடைத்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். "சொல்லு அம்மிணி" என்று திரும்பினால், "மூணு தடவை சொல்லிட்டனுங்க" என்கிறாள். என்ன சொன்னாய் என்றால், பால்காரருக்கு ரெண்டு மாச பாக்கி என்றாளாம். அவள் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நாலு வருஷமாகச் சண்டை போட்டதற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

மறுநாள் கோவையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி ஒலிகளைப் போட்டு ஒரு கோட்டுப்படம் எடுத்தார்கள். 4000 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. இயந்திரச் சத்தத்தில் கெட்ட காதின் அடையாளமே அந்தப் பள்ளம்தான், போனது போனதுதான் என்றார் டாக்டர். இந்தச் சோதனைக்குப் பெரிய செலவில்லை. தறி, ஸ்பின்னிங், பட்டறை என்று சத்தத்தில் பிழைக்கிறவர்கள் அப்ளிகேஷனைத் திறப்பதற்கு முன்னால் இதை எடுத்துவிடுங்கள்.

காது தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, நீங்கள் இல்லாதபோது தொழிலை யார் பார்ப்பது? பிரதேச ராணுவம் சம்பள வேலை அல்ல. தனியாக வருமானம் உள்ளவரைத்தான் கேட்கிறார்கள். பயிற்சியில் இருக்கும்போதும் பணிக்கு அழைக்கப்பட்ட காலத்திலும் மட்டுமே சம்பளம் வரும். முதல் வருஷத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, வருஷா வருஷம் ரெண்டு மாத முகாம், முதல் ரெண்டு வருஷத்துக்குள் இன்னொரு மூன்று மாதப் பயிற்சி. பென்ஷனை நம்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதிகாரிக்கு அது கிடைக்க பணிக்கு அழைக்கப்பட்ட காலம் மட்டுமே 20 வருஷம் சேர வேண்டும், நாற்பதில் நுழைகிறவருக்கு அது நடக்கிற காரியமில்லை.

இது பேருக்குத்தான், யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று ஒருவர் எனக்குத் தைரியம் சொன்னார். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் வந்தபோது, இருக்கிற 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க அரசு உத்தரவு போட்டது. கூப்பிடுவார்கள் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கம்பெனியில் வேலை பார்ப்பவர் பணி முடிந்து வந்தால் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொந்தத் தறிக்காரனுக்கு அப்படி யார் கொடுப்பது?

அதனால் ஒரு ஒத்திகை பாருங்கள். நான் செய்ததில் உருப்படியானது இது ஒன்றுதான். கோபியில் தங்கச்சி வீட்டுக்குப் போய் 30 நாள் இருந்தேன், குடோனுக்குப் போன் பண்ணுவதில்லை என்று முடிவு. ஒன்பதாம் நாள் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்து நாலு தறி நின்றுவிட்டது. பாவு பிணைக்கிறவர் வேறு ஊரில் இருந்தார். அவருக்கு மாற்று ஆள் யார் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது! ரெண்டு நாள் நாலு தறியும் சும்மா கிடந்தன. பதினாறாம் நாள் மோட்டார் ஒன்று புகைந்தது, அதை என் மனைவி மதியத்துக்குள் சரி செய்துவிட்டாள். பணம் குறைந்ததால் எதுவும் நிற்கவில்லை, போன் நம்பர் தெரியாததால்தான் நின்றது. திரும்பி வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில் யாருக்கு எதற்குப் பேசுவது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். கணக்கு அவள் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது என்னைவிட நன்றாக வசூல் பண்ணுகிறாள், அது வேறு கதை.

இந்த ரெண்டையும் தாண்டினால் மிச்சம் படிப்பும் காகிதமும். நான் எழுதியபோது எழுத்துத் தேர்வில் ரெண்டு தாள். ஒன்றில் தர்க்கமும் அடிப்படைக் கணக்கும், இன்னொன்றில் பொது அறிவும் ஆங்கிலமும். ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும், தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். நம்மைக் கவிழ்ப்பது ஆங்கிலம். முதல் தடவை எனக்கு அதில்தான் போயிற்று. மகளின் எட்டாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்தை மூன்று மாதம் வைத்துப் படித்து ரெண்டாம் தடவை தேறினேன்.

முதல் நேர்முகத்தில் சொந்தத் தொழில்காரர்கள் என்ன தொழில், வருஷ வருமானம் எவ்வளவு என்று ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி கையெழுத்தோடு அபிடவிட்டும் பான் கார்டும் காட்ட வேண்டும். அரசு ஊழியர் என்றால் துறைத் தலைவரின் தடையில்லாச் சான்று. தொழில் அப்பா பேரில், ஜி.எஸ்.டி. தம்பி பேரில் என்று இருப்பது நம்ம பக்கம் சகஜம், அதை முன்கூட்டியே நேராக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் ஐந்து நாள் தேர்வு வாரியம். நான் அதுவரை போகவில்லை, தயார் மட்டும் ஆனேன். பதினைந்து விநாடிக்கு ஒரு சொல்லாக 60 சொல் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் மனசில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். மகள் படிக்க நான் எழுதிப் பார்த்தேன். முதல் நாள் எழுதிய வாக்கியங்களில் பாதி கடனைப் பற்றியே இருந்தது. மாற்றி எழுதப் பழகுவதைவிட, இதைப் பார்த்து நாம் எதற்காகப் போகிறோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. தொழில் கசந்து ஓடிப்போக நினைத்தால் அது அங்கே தெரிந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது.

உள்ளே ஆள் இருக்கிறது, மூணு லட்சம் கொடுத்தால் போதும் என்று சொல்கிறவர் கண்டிப்பாக வருவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

42 தாண்டியவர்களும் என்னைப் போல் காது போனவர்களும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் ஊர்க்காவல் படை அறிவிப்பு எப்போது என்று விசாரிக்கலாம். துப்பாக்கியோ எல்லையோ கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற கூட்டத்தை ராத்திரி முழுக்க ரோட்டோரமாக ஒதுக்கிவிடும் மாதிரி வேலை. நான் பேர் கொடுத்திருக்கிறேன்.

இப்போது குடோனுக்குள் போகும்போது காதில் மஞ்சள் நிற அடைப்பான் வைத்துக்கொள்கிறேன். தறி ஓட்டுகிறவர்களுக்கும் வாங்கி வைத்திருக்கிறேன், தொடக்கூட மாட்டேன் என்கிறார்கள். பாவு பிணைக்க வருகிறவர் என்னைப் பார்த்து, "ஏனுங்ணா, இந்த வயசுல காது குத்தீட்டீங்களா?" என்று கேட்டார். அதை அவர் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.