பேங்கு, வட்டி, கடன்: பிள்ளைங்க கையாலயே செஞ்சு படிக்க வைக்குறது எப்படி

தனிவட்டி கூட்டுவட்டி எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குப் புக்குலயே இருக்கு, பிள்ளைங்களும் பார்முலாவ ஒப்பிச்சு மார்க் வாங்கிருதாங்க, ஆனா தெனமும் சாயங்காலம் கடன் வசூலுக்குத் தெருவுக்கு வர்ற தண்டல்காரர்கிட்ட அம்மா உண்மையில எத்தனை சதவீதம் வட்டி கட்டுதாங்கன்னு கேட்டா முழிப்பாங்க. நம்ம திருநெல்வேலி பக்கத்துல இது லேசுல விடுற விஷயம் இல்ல. கந்துவட்டிக்கு தடைச்சட்டம் 2003லயே வந்தாச்சு, ஆனாலும் 2017 அக்டோபர்ல கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல ஒரு குடும்பம் தீக்குளிச்சது இந்தக் கடனாலதான். அதனால எல்லாரும் உண்டியல், சேமிப்புன்னு ஆரம்பிக்குற இடத்துல நான் கடன்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுதேன். எட்டாவது, ஒம்பதாவது பிள்ளைங்களுக்கு இது நல்லாவே புரியும்.

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்துல ரொம்ப கண்டிப்பா இருங்க. உங்க வீட்டுல எவ்வளவு கடன் இருக்குன்னு எந்தப் பிள்ளைகிட்டயும் கிளாஸ்ல கேக்கக் கூடாது. அந்தப் பிள்ளை கூசிப்போயிரும், மறுநாள் வராமயே கூட இருந்திரும். அதுக்குப் பதிலா கிளாஸுக்குன்னு ஒரு கற்பனைக் குடும்பத்தை உண்டாக்குங்க. அம்மா பீடி சுத்துதாங்க, வாரக் கூலி, அப்பா வாழைத்தார் லோடு ஏத்தப் போறாரு, மழை வந்தா வேலை இல்ல, ரெண்டு பிள்ளைங்க, ஒரு ஆச்சி, ஆச்சிக்கு மாத்திரைச் செலவு. முக்கூடல், களக்காடு பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இந்தக் குடும்பம் நல்லாத் தெரியும், பேரு மட்டும் அவங்களே வைக்கட்டும். அரிசி, கேஸ், கரண்ட் பில், கோயில் கொடை வரி, சடங்கு வீட்டு மொய்னு ஒரு மாசச் செலவை அவங்களே எழுதுவாங்க, நீங்க வாயத் தொறக்கவே வேண்டாம்.

இப்ப அந்தக் குடும்பத்துக்கு 10,000 ரூபா கடன் வேணும். தண்டல்ல எப்படிக் குடுப்பாங்க? 1,500 ரூபாய மொதல்லயே புடிச்சிக்கிட்டு 8,500தான் கையில வரும், தெனம் 100 ரூபா வீதம் 100 நாள் கட்டணும். இதுக்கு ஒரு படி புளியங்கொட்டை போதும். ஒரு கொட்டை 100 ரூபா. ரெண்டு பிள்ளைங்கள எதிரெதிரா உக்கார வச்சு, கடன் குடுக்குற பிள்ளைய, வாங்குற பிள்ளை கையில 85 கொட்டைய எண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. அப்புறம் ஒரு பிள்ளை சத்தமா நாள் எண்ணணும், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கொட்டை திரும்பப் போகணும். 50ஆம் நாள் நிறுத்தி கையில எத்தனைன்னு கேளுங்க, 35தான் இருக்கும். 85ஆம் நாள் கை காலி. ஆனா இன்னும் 15 நாள் பாக்கி, அதுக்குக் கொட்டைக்கு எங்க போறது? அந்த இடத்துல கிளாஸே அமைதியாயிரும், அப்ப அவசரப்பட்டு விளக்கம் சொல்லாதீங்க, பிள்ளைங்களே பேசட்டும். "பக்கத்துல இன்னொருத்தர்கிட்ட கைமாத்து வாங்கணும் டீச்சர்"னு ஒரு பிள்ளையாவது சொல்லும், கடன் மேல கடன் எப்படி ஏறுதுன்னு அதுலயே வந்துரும்.

அதுக்கப்புறம்தான் போர்டுல கணக்கு. 8,500க்கு 1,500 வட்டின்னா சுமார் 17.6 சதவீதம்னு தோணும். ஆனா தெனமும் திருப்பிக் கட்டுறதால முழு 8,500ம் கையில இருந்தது மொத நாள் மட்டும்தான், சராசரியா பாத்தா அதுல பாதிதான் இருந்திருக்கு, அதுவும் 100 நாளுக்கு மட்டும். அதை வருஷத்துக்கு மாத்திப் பாத்தா 100 சதவீதத்தையே தாண்டிப் போயிரும். பக்கத்துலயே இன்னும் ரெண்டு கணக்கு போடுங்க. "நூத்துக்கு மூணு வட்டி"ன்னு சாதாரணமா சொல்லுதாங்களே, அது மாசத்துக்கு மூணு, வருஷத்துக்கு 36 சதவீதம், 10,000க்கு 3,600 ரூபா கட்டின பிறகும் அசல் அப்படியே நிக்கும். அதே 10,000 பேங்குல நகைக்கடனா வருஷத்துக்கு 9 சதவீதம்னு வச்சுக்கிட்டா 900 ரூபா. எந்தக் கடன்னாலும் மாச வட்டியா வருஷ வட்டியான்னு மொதல்ல கேக்குற பழக்கம் இதுல வந்துட்டா அதுவே பெரிய விஷயம்.

அடுத்து கிளாஸ் பேங்கு. நிசக் காசு வேண்டவே வேண்டாம், ஒரு பத்து ரூபா தொலைஞ்சா கூட வீட்டுல இருந்து ஆளு வந்துரும், அட்டையில வெட்டின நோட்டு போதும். கேஷியர், கிளார்க், மேனேஜர், ஆடிட்டர் நாலு வேலையும் வாரம் மாத்தி மாத்திக் குடுங்க. போர்டு துடைச்சா, லைப்ரரி புக்கை அடுக்கினா கூலி, அதை பேங்குல போடணும். 40 பக்க நோட்டுல தேதி, விவரம், பற்று, வரவு, இருப்புன்னு அஞ்சு கட்டம் போட்டா அதுதான் பாஸ்புக். மாசக் கடைசியில வட்டி போடணும், இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. 2010 ஏப்ரல்ல இருந்து சேமிப்புக் கணக்குல அன்னன்னைக்கு இருக்குற இருப்புக்குத்தான் வட்டி, அதனால ஒரு நாள் இருப்பை வட்டி விகிதத்தால பெருக்கி 365ஆல வகுக்கணும், இப்படி எல்லா நாளும் கூட்டணும். பிள்ளைங்க மொபைல் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துட்டு "இவ்வளவுதானா சார்"னு கேப்பாங்க. அப்ப போஸ்ட் ஆபீஸ் ஆர்டி, அதாவது மாசா மாசம் ஒரே தொகைய போட்டு வர்ற சேமிப்பு, அதைப் பத்தி சொல்லலாம், மாசம் 100 ரூபாயில ஆரம்பிக்கலாம், அஞ்சு வருஷம். ஆடிட்டர் வேலைய நல்லா கணக்கு வர்ற பிள்ளைக்கு மட்டும் குடுத்துறாதீங்க, தடுமாறுற பிள்ளைதான் அதுல நிறைய படிக்கும்.

நிசமான பேங்குக்கு ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போங்க. ஹெச்எம் கையெழுத்தோட மேனேஜருக்கு முன்னாடியே லெட்டர் குடுங்க, பென்ஷன் கூட்டம் இருக்குற மாச ஆரம்பத்துல போகாதீங்க, 15 பேருக்கு மேல வேண்டாம். போறதுக்கு முன்னாடி கிளாஸ்லயே சலான் எழுதிப் பழகணும். தொகையை எழுத்துல எழுதும்போது இடைவெளி விடாம ஆரம்பிச்சு "மட்டும்"னு முடிக்கணும், இல்லன்னா யாரும் நடுவுல சேத்துரலாம்னு செஞ்சே காட்டுங்க. எந்த பேங்கு, எந்தக் கிளைன்னு காட்டுற ஐஎஃப்எஸ்சி கோடு 11 எழுத்து, மொத நாலு பேங்கு பேரு, அஞ்சாவது எப்பவுமே பூஜ்யம், மிச்சம் ஆறும் கிளை. செக்குக்குக் கீழ இருக்குற ஒம்பது இலக்கத்துல மொத மூணு நம்ம ஊர்ல 627, நம்ம பின்கோடு ஆரம்பமும் அதே 627ன்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சா ஒரே சந்தோஷமாயிருவாங்க. அப்படியே பேங்குனா என்னமோ டெல்லி பம்பாய்ல இருந்து வந்ததுன்னு நெனைக்குற பிள்ளைங்களுக்கு, பக்கத்துல தூத்துக்குடியில 1921ல நாடார் வங்கின்னு ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கின்னு சொல்லுங்க.

யூபிஐக்கு நாடகம்தான் சரி. ஒருத்தர் ஏமாத்துறவன், ஒருத்தர் பழைய சைக்கிள் விக்குறவர். "அண்ணாச்சி, பணம் அனுப்பிட்டேன், இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, வந்துரும்"னு ஏமாத்துறவன் சொல்லணும், கூட்டத்துல இருக்குறவங்க எந்த இடத்துல தப்புன்னு கத்தணும். பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் எப்பவுமே தேவையில்ல, அது மனசுல பதியுற வரைக்கும் திரும்பத் திரும்ப நடிக்கட்டும். பணம் போயிட்டா உடனே 1930க்கு அடிக்கணும், வீட்டுல திட்டுவாங்கன்னு மறைச்சா நேரம் போயிரும், பணமும் போயிரும். இந்த நம்பரை நோட்டு அட்டையிலயே எழுத வைங்க.

பத்து வயசு ஆன பிள்ளை தன் பேர்ல கணக்கு ஆரம்பிச்சு தானே நடத்தலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, எவ்வளவு வரைக்கும் எடுக்கலாம்ங்குறது பேங்குக்கு பேங்கு மாறும், நேர்ல கேட்டுக்கிடுங்க. பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு இது ரொம்பவே அவசியம், ஏன்னா அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்சுட்டு காலேஜ் போனா புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபா கணக்குக்குத்தான் வரும், ஆதார் இணைக்காம விட்டா காலேஜ்ல சேந்த பிறகு அலைச்சல். அவங்களுக்கு இன்னொண்ணும் கட்டாயம் சொல்லுங்க: "உன் அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் குடு, மாசம் கமிஷன் தாரேன்"னு யாரு கேட்டாலும், கூடப் படிக்குற அண்ணனே கேட்டாலும் குடுக்கக் கூடாது, திருட்டுப் பணம் அது வழியாப் போனா போலீஸ் தேடி வர்றது கணக்கு யாரு பேர்ல இருக்கோ அவங்களைத்தான். ஏற்கனவே குடுத்துட்ட பிள்ளை யாராவது இருந்தா கிளாஸ்ல வச்சு விசாரிக்காம தனியா கூப்பிட்டு, பெத்தவங்களோட அன்னைக்கே பேங்குக்குப் போய் கார்டை பிளாக் பண்ண வைங்க.