ஆஸ்திரேலியாவில் பூர்வீகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பத்தின் பழைய கதையைத் தோண்டத் தொடங்குபவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆவணங்கள் நிறையவே இருக்கின்றன. தேடும் இடமும் பெயரும்தான் தப்பாகப் போகின்றன.

முதலில் இடம். 1901 வரை அங்கே இருந்தவை ஆறு தனித்தனிக் காலனிகள். இன்றும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் அந்தந்த மாநிலத்திடம்தான் இருக்கின்றன. பதிவு தொடங்கிய ஆண்டும் வேறு வேறு: டாஸ்மேனியாவில் 1838, விக்டோரியாவில் 1853, நியூ சவுத் வேல்ஸில் 1856. அதற்கு முன் பிறந்தவருக்குத் தேவாலயப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். எல்லைகளும் மாறியிருக்கின்றன. 1851 ஜூலை வரை மெல்போர்னும், 1859 டிசம்பர் வரை பிரிஸ்பேனும் நியூ சவுத் வேல்ஸுக்குள் இருந்தன. எனவே 1845-இல் மெல்போர்னில் வாழ்ந்தவரைப் பற்றிய அரசாங்கக் கடிதம் சிட்னியில் கிடக்கலாம். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். முதல் உலகப் போர்க் காலத்து வெறுப்பில் தெற்கு ஆஸ்திரேலியா ஜெர்மன் ஊர்ப் பெயர்களை மாற்றியது. ஹான்டார்ஃப் 'ஆம்பிள்சைடு' ஆனது. 1935-இல்தான் பழைய பெயர் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளின் செய்தியை ஹான்டார்ஃப் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இங்கிலாந்துபோல வீடு வீடாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு இருக்கும் என்று நம்பிப் பல வாரங்களை வீணாக்குபவர்கள் உண்டு. பெரும்பாலான கணக்கெடுப்புகளில் தனிநபர் படிவங்களை அழித்துவிட்டார்கள். 1828-ஆம் ஆண்டின் நியூ சவுத் வேல்ஸ் கணக்கெடுப்பு தப்பிப் பிழைத்த அரிய ஒன்று. மற்ற காலங்களுக்கு வாக்காளர் பட்டியல்தான் கைகொடுக்கும். கூட்டாட்சித் தேர்தலில் பெண்களுக்கு 1902-இலேயே வாக்குரிமை வந்துவிட்டதால் பாட்டிகளையும் அதில் பிடிக்கலாம். ஆதிக்குடியினர் பெரும்பாலோர் மட்டும் அதில் இருக்க மாட்டார்கள்.

தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். அதில் ஒரே ஒரு முறை தேடிவிட்டு, 'ஒன்றும் இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள். அச்சைக் கணினி படித்து எழுத்தாக்கியதால் பிழைகள் ஏராளம். பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். தெரு, கப்பல், தொழில் என்றும் தேடுங்கள். மணமான பெண்கள் பெரும்பாலும் கணவர் பெயருக்குப் பின்னால்தான் இருப்பார்கள். சரி, 1954-க்குப் பிந்தைய இதழ்கள் அங்கே குறைவு என்பதையும் மனதில் வையுங்கள்.

1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகள் பிரிட்டிஷ் அரசால் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வெட்கத்தில் பல வீடுகள் கதையையே மாற்றிச் சொல்லின. 'எங்கள் தாத்தா சொந்தச் செலவில் வந்தவர்' என்பதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். தீர்ப்பைப் படித்ததோடும் நிறுத்த வேண்டாம். டாஸ்மேனியக் கைதிப் பதிவேடுகளில் உயரம், கண் நிறம், பச்சை குத்திய அடையாளம், பிற்காலத் தண்டனைகள் எல்லாம் உண்டு. ஒரு மனிதர் முழுதாகத் தெரியவருவது அங்கேதான்.

வெள்ளையர் அல்லாதவர்களுக்குத் தடயமே இருக்காது என்று நினைப்பதும் தவறு. 1901 குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், ஊருக்குப் போய்த் திரும்ப விரும்பிய சீனர்களும் இந்தியர்களும், வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுக்க வைத்த மொழித் தேர்விலிருந்து விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. ஊர் ஊராகத் துணி விற்ற பஞ்சாபிகளும் அவர்களில் உண்டு. அந்தத் தாள்களில் புகைப்படமும் கைரேகைப் பதிவும் இருக்கும். நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை வைத்திருக்கிறது. அவமதிக்க எடுத்த பதிவு, இன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முகத்தைக் காட்டுகிறது.

உள்ளூர்க் கதைகளில் மிகப் பெரிய தவறு, குடியேறியவர்களின் செய்தித்தாளை மட்டும் நம்புவது. 1838 ஜூன் 10 அன்று நியூ சவுத் வேல்ஸின் மயால் க்ரீக்கில் குறைந்தது 28 ஆதிக்குடி மக்கள் குடியேறியவர்களால் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு நீதிமன்றம் போய், ஏழு பேர் தூக்கிலிடப்பட்டதால்தான் நமக்கு இவ்வளவு விவரம் தெரியும். அப்படி நீதிமன்றமே காணாத கொலைகள் எத்தனையோ. அவற்றைத் தலைமுறைகளாகச் சொல்லிவருபவர்கள் அந்த மண்ணின் முதியவர்கள். அவர்களிடம் கேளுங்கள். அரசால் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளின் வழிவந்தவர்களுக்கு 'லிங்க்-அப்' அமைப்புகள் உதவுகின்றன. அப்புறம், கிடைத்ததை இணையத்தில் போடும் முன் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தைப் பெறுங்கள். இறந்தவரின் பெயரையும் படத்தையும் எதிர்பாராமல் பார்ப்பது பல ஆதிக்குடிச் சமூகங்களில் பெரும் வேதனை தரும்.