மீடியா சர்வரில் இடம் கூட்டும்போது எங்கே சறுக்குகிறோம்?

படங்களைச் சேமித்து டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சிவப்புக் கோடு தெரிந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது விலையைத்தான். அதை எங்கே, எப்படிச் சேர்க்கப்போகிறோம் என்ற யோசனை டிஸ்க் மேசைக்கு வந்தபிறகுதான் வருகிறது. நான் பார்த்தவரை, பெரும்பாலான தலைவலிகள் டிஸ்க்கால் வந்தவை அல்ல. அதைச் சேர்த்த விதத்தால் வந்தவை. சேர்த்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்க முடியாத வகைக்கு, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் இசட்எஃப்எஸ் (ZFS) கோப்பு முறை நல்ல உதாரணம். நான்கு டிஸ்க்கில் ரெய்டு-இசட் பூல், அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி இணைத்த தொகுப்பு, ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தாவதாக ஒன்றை வாங்கி ‘இசட்பூல் ஆட்’ கட்டளை கொடுப்பார்கள். பாதுகாப்பு நிலை பொருந்தவில்லை என்று அது எச்சரிக்கும்; கட்டாயப்படுத்தும் மைனஸ் எஃப் போட்டுத் தாண்டிவிடுவார்கள். இடம் கூடும், உண்மைதான். ஆனால் பேரிட்டி (போன டிஸ்க்கை மீட்க உதவும் கூடுதல் தரவு) இல்லாத அந்த ஒற்றை டிஸ்க் போனால் மொத்தப் பூலும் போய்விடும். தவறு புரிந்து கழற்றப் பார்த்தால், ரெய்டு-இசட் உள்ள பூலில் அது முடியாது. முன்கூட்டியே செக்பாயின்ட் (பூலை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) எடுத்து வைக்காதவர்கள் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, பூலை அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 முதல், ஏற்கெனவே உள்ள ரெய்டு-இசட்டில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்த்து விரிக்கலாம். அதற்கான கட்டளை ‘ஆட்’ அல்ல, ‘அட்டாச்’. விரித்த பிறகும் பழைய கோப்புகள் பழைய பேரிட்டி விகிதத்திலேயே கிடக்கும். மறுபடி எழுதினால்தான் முழு லாபம்.

அடுத்தது அளவுக் கணக்கு. 4 டிபி டிஸ்க் மூன்றுடன் 12 டிபி ஒன்றைச் சேர்த்து ரெய்டு 5 (ஒரு டிஸ்க் அளவு இடம் பேரிட்டிக்குப் போகும் தொகுப்பு) அமைத்தால், பெரிய டிஸ்க்கையும் அது 4 டிபியாகவே பார்க்கும். மீதி 8 டிபி வீண். அளவு கலந்த டிஸ்க்குகளுக்கு அன்ரெய்டு என்ற சர்வர் இயங்குதளம், அல்லது மெர்ஜர்எஃப்எஸ்–ஸ்னாப்ரெய்டு ஜோடி (முன்னது டிஸ்க்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும், பின்னது பேரிட்டி கணக்கிடும்) பொருந்தும். வீட்டு மீடியா சர்வருக்கு என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். படம் ஒருமுறை வந்தால் பிறகு மாறுவதில்லை. ஸ்னாப்ரெய்டு அவ்வப்போது பேரிட்டியைப் புதுப்பித்தாலே போதும். பேரிட்டி தாங்குவதைவிட அதிகமாக டிஸ்க்குகள் போனாலும், மற்றவற்றில் உள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். கடைசி சிங்க் (பேரிட்டி புதுப்பிப்பு) ஆனபிறகு வந்தவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு கிடையாது.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. அன்ரெய்டில் பேரிட்டி டிஸ்க்கைவிடப் பெரிய டேட்டா டிஸ்க் வைக்க முடியாது. பேரிட்டி 8 டிபியாக இருக்கும்போது 16 டிபி ஒன்று வாங்கினால், புதியது பேரிட்டிக்குப் போகும். பழைய பேரிட்டி டேட்டாவுக்கு வரும். பதினாறுக்குக் காசு கொடுத்து எட்டுதான் கிடைத்தது என்று அன்று எரிச்சல் வரும். அடுத்த டிஸ்க்கில்தான் அதற்குப் பலன்.

எஸ்எம்ஆர் டிஸ்க்கை ரெய்டில் போடாதீர்கள். தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால், இடைவிடாமல் எழுதும்போது வேகம் படுத்துவிடும். ரீபில்ட் (போன டிஸ்க்கின் தரவைப் புதியதில் மீண்டும் கட்டுவது) நாள்கணக்கில் இழுக்கும். நாஸ் (வலையமைப்புச் சேமிப்பகம்) என்ற பெயரை மட்டும் நம்பவும் முடியாது: வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை 2020-இல் ஒப்புக்கொண்டது. டேட்டாஷீட்டில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று இருக்கிறதா பாருங்கள்.

படம் திக்குகிறது என்று எஸ்எஸ்டிக்குத் தாவுவதும் வீண். 4கே ப்ளூ-ரேயின் உச்சமே நொடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 எம்பி. சாதாரண ஹார்ட் டிஸ்க் அதைப்போலப் பல மடங்கு தரும். சர்வரின் டேட்டாபேஸையும் போஸ்டர் படங்களையும் சிறிய எஸ்எஸ்டியில் வையுங்கள், படங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

யூஎஸ்பி பெட்டியில் ஒற்றை டிஸ்க் வைத்து பேக்கப் எடுப்பது சரி. அதில் ரெய்டு வேண்டாம்; இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும். உள்ளே போர்ட் போதாவிட்டால் ஐடி மோடில் (ரெய்டு செய்யாமல் டிஸ்க்குகளை நேராகக் காட்டும் முறை) உள்ள எச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க் போர்ட் தரும் அட்டை) நல்லது. பவர் சப்ளையையும் பாருங்கள்: 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஆறு ஒன்றாகக் கிளம்பினால் அந்தக் கணத்தில் 144 வாட்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். புது டிஸ்க்கை, மாறாத அடையாள எண்ணான யூயூஐடி போடாமல், லினக்ஸ் கொடுத்த எஸ்டிபி என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்து (இணைத்து) இருந்தேன். அடுத்த ரீபூட்டில் பெயர் மாறியது, மவுன்ட் ஆகவில்லை. இரவு இறங்கிய கோப்புகளெல்லாம் காலி ஃபோல்டர் வழியாக சிஸ்டம் டிஸ்க்கை நிரப்பிவிட்டன. லைப்ரரி ஸ்கேன் ஓடி, பாதிப் படங்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போயிருந்தன. பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்கள், ஸ்கேன் முடிந்ததும் குப்பையை (காணாத கோப்புகளின் பதிவுகளை) தானே காலிசெய்யும் அமைப்பை அணைத்து வையுங்கள்.

ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடுவோர் இன்னும் உண்டு. கை தவறி அழித்த ஃபோல்டரை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். திரும்பக் கிடைக்கும் படங்களை விடுங்கள். குடும்ப வீடியோக்களுக்காவது தனிப் பிரதி வேண்டும்.

புது டிஸ்க்கைப் பிரித்தவுடன் நிரப்பாதீர்கள். டிஸ்க் தன்னையே முழுக்கச் சோதிக்கும் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஓடவிடுங்கள். நொடிக்கு 200 எம்பி என்றாலும் 16 டிபியை ஒருமுறை முழுக்கப் படிக்க 22 மணி நேரம் ஆகும். அது முடிந்து, ஆர்சிங்க் என்ற நகல் கருவியில் நகலெடுத்து, செக்சம் (கோப்பின் சரிபார்ப்பு எண்) ஒப்பிடும்வரை பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டாம்.