முகத்துக்கு முன் மண்டை: பென்சில் உருவப்படம் பழகத் தொடங்குபவர்களுக்கு

கண், மூக்கு, வாயைத் தனித்தனியாக வரைந்து பழகினால் ஒவ்வொன்றும் அழகாக வரும். மொத்தமாகப் பார்க்கும்போது ஆள் மாறியிருப்பார். ஒருவரின் ஜாடை எலும்பில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் கண்ணைத் தொடுவதற்கு முன் மண்டையைக் கட்டிவிடுவோம்.

ஹெச்பி, 2பி, 4பி பென்சில்கள் போதும். அப்சரா, கேம்லின் எதுவானாலும் சரி. தாள், கார்ட்ரிட்ஜ் என்று கேட்டால் கிடைக்கும் ஓவியத் தாள், 150 ஜிஎஸ்எம் கனத்தில். பிசைந்து உருமாற்றக்கூடிய நீடட் ரப்பரை மட்டும் அவசியம் வாங்குங்கள். வெளிச்சம் விழும் இடங்களில் பென்சில் கருமையை ஒற்றி எடுக்க அதற்கு ஈடில்லை. விரலால் தேய்த்து ஷேடு செய்யாதீர்கள், முகத்தின் தளங்கள், அதாவது வெவ்வேறு பக்கம் பார்க்கும் பரப்புகள், சந்திக்கும் ஓரமெல்லாம் கரைந்துவிடும்.

மாதிரிப் படமாக செல்ஃபி வேண்டாம். கிட்டத்தில் எடுப்பதால் அதில் மூக்கு பெருத்துத் தெரியும். இரண்டு மீட்டராவது தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழட்டும்.

முதலில் ஒரு வட்டம். அதைப் பந்தாக நினைத்து இரு பக்கமும் சீவிவிடுங்கள். காதுக்கு மேலே நம் மண்டை தட்டைதான். முக்கால்வாசி திரும்பிய முகத்தில் சீவிய இடம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் உயரம் பந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதற்குள் ஒரு கூட்டல் குறி. கிடைக்கோட்டை முன்பக்கம் வளைத்து நீட்டினால் புருவம். நீள்வட்டத்தின் உச்சி மட்டத்தில் முடி தொடங்கும், அடி மட்டத்தில் மூக்கு முடியும். புருவத்திலிருந்து மூக்கடி வரை உள்ள அதே அளவு இன்னும் கீழே இறங்கினால் மோவாய். கூட்டல் குறியின் பின்பக்கக் கீழ்க் கால்பகுதியில் காது. இது அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸின் முறை. லூமிஸ் முறை என்று தேடினால் இதற்கு நிறைய வீடியோ கிடைக்கும்.

கண்கள் முழுத் தலை உயரத்தின் சரிபாதியில் வர வேண்டும். அளந்து பாருங்கள், பெரும்பாலும் மேலே ஏறியிருக்கும்.

இனிதான் எல்லோரும் சறுக்கும் இடம்: நெற்றி முடிந்து பக்கவாட்டு எங்கே தொடங்குகிறது? நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். ஒரு தசை புடைக்கும். அதன் முன் ஓரத்தில், புருவத்தின் வெளி நுனியிலிருந்து ஒரு மேடு மேல்நோக்கி வளைந்து போகும். அதுதான் எல்லை. அங்கிருந்து கண்குழியின் வெளி ஓரம், கன்ன எலும்பின் முனை, அப்புறம் கன்னம் வழியாக மோவாயின் பக்கம் என்று ஒரே வளைகோடாக இறக்குங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் முன்தளம், அந்தப் பக்கம் பக்கத்தளம். வெளிச்சம் படாத பக்கத்தளம் முழுவதையும் 2பியால் ஒரே சாம்பலாக நிரப்புங்கள். கண்ணும் மூக்கும் இல்லாமலேயே ஆள் யாரென்று பிடிபட ஆரம்பிக்கும். பிடிபடவில்லை என்றால் மேலே போக வேண்டாம், கோட்டை நகர்த்திப் பாருங்கள். ஒல்லியான முகத்தில் அது கன்ன எலும்பருகே சட்டென்று முறியும். சதைப்பிடிப்பான முகத்தில் மெதுவாகத் திரும்பும்.

முக்கால்வாசி திரும்பிய முகத்தில் நமக்கு அப்பால் இருக்கும் ஓரத்தையும் எலும்புதான் தீர்மானிக்கிறது: புருவத்தில் வெளியே, கண்குழியில் உள்ளே, கன்ன எலும்பில் மறுபடி வெளியே, வாயருகே உள்ளே. ஒரே வளைவாக இழுத்தால் முகம் ஊதிவிடும்.

கண் சுமார் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை, இமை அதைப் போர்த்தியிருக்கிறது. மேல் இமையின் நிழலை விழியின் மேல் மெல்லிய பட்டையாகப் போடுங்கள். வெள்ளை விழியைத் தாள் நிறத்திலேயே விட்டால் கண் முறைக்கும்.

மாநிறம், கருநிறத் தோலுக்கு நிழலை மட்டும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். முகம் முழுக்க நடுத்தரச் சாம்பல் போட்டு, நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்கு நுனியில் பளபளப்பை ரப்பரால் கூர்மையாக ஒற்றி எடுங்கள். கருமுடிக்கு மட்டும், முன்பு சொன்ன பென்சில்களோடு கூடுதலாக, கரிப் பென்சில்தான் (சார்கோல்) என் தேர்வு. சாதாரணப் பென்சிலின் கிராஃபைட்டை அழுத்தினால் மினுங்கும்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் குழந்தை முகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரிபாதி விதி அங்கே செல்லாது. மண்டை பெரிது, தாடை சிறிது. கண்கள் பாதிக்குக் கீழே இறங்கும். புருவ மேட்டையும் அழுத்திக் காட்டாதீர்கள்.

சிரிக்கும் முகம் கிழடுதட்டிப்போகிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பற்களுக்கு இடையே கோடு போட வேண்டாம். ஈறோரத்தையும் பல்வரிசையின் கீழ் ஓரத்தையும் மட்டும் காட்டி, வாயின் மூலைக்குப் போகப் போக பற்களை இருட்டாக்குங்கள்.